ஒரு குழி நிலம்கூட இல்லாமல் ஓர் ஊர்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் ஒரு வாசகர், “நீங்கள் பார்த்த சின்ன ஊர்களில் மனசை விட்டுப் போகாத ஊர் எது?” என்று கேட்டிருந்தார். கலிஃபோர்னியாவில் சாக்ரமெண்டோ ஆற்றங்கரையில் இருக்கிற லாக் என்று பதில் எழுதினேன். நகராட்சி கிடையாது, மேயர் கிடையாது, சீனர்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிக்கொண்ட ஊர், ஆனால் ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் அங்கே அவர்களுக்கு ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லை என்று நாலு வரியில் முடித்துவிட்டேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க லாக்தான்.

*

கேள்வி: நகராட்சி இல்லாமல் ஓர் ஊர் எப்படி நடக்கும்? தண்ணீர், தெருவிளக்கு, போலீஸ் எல்லாம் யார் பார்ப்பது? நம் ஊரில் மிகச் சின்ன கிராமத்துக்கும் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் உண்டே! (வாசகர், கோவை)

அமெரிக்காவில் நகராட்சி என்பது தானாக வருவதில்லை. ஊர்க்காரர்கள் கேட்டு, மனுப் போட்டு, ஓட்டுப் போட்டு வாங்கிக்கொள்வது. வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்த ஊரைக் கவுண்டி பார்த்துக்கொள்ளும். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள் இருக்கின்றன, லாக் இருப்பது சாக்ரமெண்டோ கவுண்டியில். போலீஸ் என்றால் கவுண்டி ஷெரிஃப், வீடு கட்ட அனுமதி என்றால் கவுண்டி அலுவலகம், சாலை போடுவதும் அவர்கள்தான். ஊர் சின்னது என்பதால்தான் நகராட்சி இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனம் இருக்கிற கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் இன்றைக்கும் நகராட்சி இல்லாத ஊர்தான்.

லாக்கிலிருந்து ஆற்றோடு கீழே போனால் ஐல்டன் என்று இன்னொரு சின்ன ஊர் வரும். அதுவும் ஆற்றங்கரை, அங்கேயும் சீனர்கள், ஜப்பானியர்கள், அதே பயிர். அது 1923ல் நகராட்சி ஆகிவிட்டது. லாக் ஆகவில்லை. எனக்குத் தெரிந்தவரை இதற்கு ஒரு காரணத்தை எளிதாக ஊகிக்கலாம். நகராட்சி கேட்கவேண்டியவர்கள் வாக்காளர்கள். லாக்கில் அன்று இருந்தவர்களில் பெரும்பாலானோர் சீனாவில் பிறந்தவர்கள், சட்டப்படி அவர்களால் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாது. ஓட்டும் இல்லை, நிலமும் இல்லை என்றால் நகராட்சி எங்கிருந்து வரும்?

அதற்காக ஊர் யாரும் கேட்பாரில்லாமல் கிடந்தது என்று அர்த்தமில்லை. ஊர்ப்பெரியவர்கள் இருந்தார்கள், பிறந்த மண்ணை வைத்துச் சேர்ந்த சங்கங்கள் இருந்தன. சண்டை வந்தால் சங்கத்தில் பேசித் தீர்த்துக்கொள்வார்கள், வேலை இல்லாதவனுக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கும்.

*

கேள்வி: அந்த ஊர் எப்படி உருவானது? ஒரு தீ விபத்துதான் காரணம் என்று எங்கோ படித்தேன். உண்மையா? (வாசகி, திருச்சி)

உண்மைதான். ஆனால் தீ கடைசியில் வந்தது. கதையை அதற்கும் ஐம்பது வருஷம் முன்னால் தொடங்கவேண்டும், அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். இப்போது தீயை மட்டும் பார்ப்போம்.

லாக்குக்குத் தெற்கே, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வால்நட் குரோவ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சைனாடவுன் இருந்தது. 1915 அக்டோபர் 7ஆம் தேதி அது எரிந்துபோனது. எல்லாம் மரக்கட்டடம், ஒன்றோடு ஒன்று சுவர் ஒட்டியவை, தப்பிக்க வழியே இல்லை. அங்கே இருந்த சீனர்களில் இரண்டு பிரிவு உண்டு. இருவரும் தெற்குச் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்துக்காரர்கள்தான், ஆனால் ஒரு பகுதியினர் ஸே யாப் என்று சொல்லும் நான்கு வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள், மற்றவர்கள் சுங்ஷான் வட்டாரத்தார். பேச்சு வேறு, சங்கம் வேறு, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதி புரியாது. தீக்குப் பிறகு ஸே யாப்காரர்கள் வால்நட் குரோவிலேயே மறுபடி கட்டிக்கொண்டார்கள். சுங்ஷான்காரர்கள் நாம் தனியாகப் போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள்.

எங்கே போவது? சற்று வடக்கே ஜார்ஜ் லாக் என்பவருக்குப் பேரிக்காய்த் தோப்பு இருந்தது. அதன் ஓரத்தில் 1912லேயே ஒரு சீனர் கடை போட்டிருந்தார், கூட ஒன்றிரண்டு கட்டடங்களும் இருந்தன. லீ பிங் என்ற வணிகர் முன்னால் நிற்க, சில வியாபாரிகள் சேர்ந்து போய் லாக்கிடம் பேசினார்கள். இடம் உங்களுடையது, வாடகை கொடுக்கிறோம், மேலே கட்டடத்தை எங்கள் செலவில் நாங்கள் கட்டிக்கொள்கிறோம். அவர் சரி என்றார். பத்திரம் எழுதவில்லை. வாய்ப்பேச்சும் கைகுலுக்கலும்தான். அந்த நாளில் அந்த ஊருக்கு லாக்போர்ட் என்று பெயர், பிறகு சுருங்கி லாக் ஆகிவிட்டது.

ஏன் விலைக்கு வாங்கவில்லை என்று கேட்பீர்கள். வாங்கக் கூடாது என்று சட்டம். 1913ல் கலிஃபோர்னியா ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. “குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர்” நிலம் வாங்கக் கூடாது, விவசாய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தாலும் மூன்று வருஷத்துக்கு மேல் கூடாது என்றது. சட்டத்தில் சீனர், ஜப்பானியர் என்று எழுதியிருக்காது. எழுதவேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் யாருக்குத் தகுதியில்லை என்பதை வேறு சட்டங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. சீனர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று 1882லேயே எழுதிவைத்துவிட்டார்கள். இந்த நிலச் சட்டத்துக்கு முதல் குறி ஜப்பானிய விவசாயிகள், ஆனால் அடி எல்லோர் மேலும் விழுந்தது.

*

கேள்வி: சீனர்கள் அந்த ஆற்றங்கரைக்கு எதற்காக வந்தார்கள்? தங்கம் தேடியா? (வாசகர், தஞ்சாவூர்)

முதலில் வந்தது தங்கத்துக்குத்தான், 1849க்குப் பிறகு. அப்புறம் ரயில் பாதை. கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே மலையைக் குடைந்து போன பாதையில் பத்தாயிரத்துக்கும் மேல் சீனர்கள் வேலை பார்த்தார்கள். 1869 மே மாதம் பாதை முடிந்தது, வேலையும் முடிந்தது. அத்தனை பேரும் எங்கே போவார்கள்? ஒரு பகுதி ஆற்றுக்கு வந்தது.

நீங்கள் தஞ்சாவூர்க்காரர் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன், உங்களுக்கு இது கைக்கெட்டின விஷயம். சாக்ரமெண்டோ ஆறும் சான் வாக்கின் ஆறும் சேருகிற இடம் ஒரு பெரிய டெல்டா. ஆனால் காவிரி டெல்டா மாதிரி ஆயிரம் வருஷமாக உழுத மண் இல்லை. அன்றைக்கு அது வெறும் சதுப்பு, ஆள் உயரத்துக்கு மேல் கோரை, ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் மாதிரி தண்ணீர். அந்தக் கோரை மக்கி மக்கி, படிந்து படிந்து, பல அடி ஆழத்துக்குக் கருப்பு மண்ணாகக் கிடந்தது. தண்ணீரை வெளியே நிறுத்திவிட்டால் தங்கம் விளையும் பூமி. அரசாங்கம் அந்தச் சதுப்பை ஏக்கர் 1 டாலர் என்று விற்றது, 1868ல் ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. பணக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரை வளைத்துப் போட்டார்கள். கரை போட ஆள் வேண்டுமே, அதற்கு வந்தவர்கள் சீனர்கள்.

வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். நிலக்காரர் சீனக் கங்காணி ஒருவரிடம் பேசுவார், கங்காணி ஆள் கொண்டுவருவார். கூலி நாள் கணக்கில், இல்லையென்றால் எடுத்த மண்ணின் கன அளவில். இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்வெட்டியால் சேற்றை வெட்டி, கட்டி கட்டியாக அடுக்கி, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பலகை மேல் ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் கொட்டி, மிதித்து, மறுபடி கொட்டி... கொசு, மலேரியாக் காய்ச்சல் வேறு. மாடும் குதிரையும் இறங்கினால் காலை உருவமுடியாமல் புதைந்துவிடும். அதனால் குதிரைக் குளம்பில் மாட்ட அகலமான ஒரு காலணி செய்தார்கள், கோரைச் செருப்பு என்று அதற்குப் பெயர், கண்டுபிடித்ததே சீனத் தொழிலாளர்கள்தான் என்று அங்கே சொல்கிறார்கள். 1860 முதல் 1880 வரை இப்படிக் கையால் போட்ட கரைகளால் மீட்ட நிலம் சுமார் 88,000 ஏக்கர் என்று கணக்குச் சொல்வது வழக்கம். அதற்கப்புறம்தான் வாளி வைத்து அள்ளும் நீராவி இயந்திரம் வந்தது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. இவர்கள் பிறந்த சுங்ஷான் முத்து ஆற்று டெல்டாவில் இருக்கிற இடம். கரை போடுவதும் வாய்க்கால் வெட்டுவதும் மதகு வைப்பதும் அவர்களுக்குத் தாத்தா காலத்து வேலை. ஆனால் ஆவணங்களில் அவர்களை வெறும் கூலிகள் என்றுதான் எழுதிவைத்தார்கள். ஆற்றைப் படிக்கத் தெரிந்தவன் கூலிக்காரனாக நின்றான், ஆறு எப்படி ஓடும் என்றே தெரியாதவன் நிலக்காரன் ஆனான். இதை எழுதும்போதே எனக்கு மனசு கொதிக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் கருப்பு மண் காய்ந்தால் சுருங்கும், காற்றோடு கரைந்துபோகும். நூற்றைம்பது வருஷம் உழுததில் பல தீவுகள் பள்ளமாகி, சில இடங்களில் கடல் மட்டத்துக்கு 15, 20 அடி கீழே போய்விட்டன. தலைக்கு மேலே ஆறு, கீழே வயல். 1972 ஜூனில் கரை உடைந்து ஐல்டன் மூழ்கியது, 2004 ஜூனில் ஜோன்ஸ் டிராக்ட் என்ற தீவு மூழ்கியது. உடைப்பு என்ற சொல்லுக்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான் அங்கேயும்.

*

கேள்வி: நிலம் ஒருவருக்கு, வீடு ஒருவருக்கு என்பது எப்படிச் சாத்தியம்? வீட்டை விற்கமுடியுமா? வங்கியில் கடன் கிடைக்குமா? (வாசகர், மயிலாடுதுறை)

கோயில் அடிமனையில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அதே ஏற்பாடுதான். கட்டடத்தை விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். கீழே இருக்கிற மண்ணுக்கு மாசாமாசம் வாடகை. அடிமனையை வைத்து யார் கடன் தருவார்கள்? அதனால் கட்டடத்தைப் பெரிதாகத் திருத்திக் கட்ட யாருக்கும் துணிவு வரவில்லை. இன்றைக்கு அந்தத் தெருவில் நடந்தால் வீடுகள் சாய்ந்து ஒன்றின் தோள்மேல் ஒன்று கை போட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதை அழகு என்று படம் எடுக்கிறார்கள். அழகுதான். ஆனால் அந்தச் சாய்வுக்குள் இந்த அடிமனைக் கதை இருக்கிறது.

*

கேள்வி: ஜார்ஜ் லாக் நல்ல மனிதர் என்றுதானே சொல்லவேண்டும்? எல்லோரும் விரட்டியபோது அவர் இடம் கொடுத்தாரே. பத்திரம்கூட இல்லாமல்! (வாசகி, சென்னை)

நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அவர் வாக்குத் தவறவில்லை, அவர் குடும்பமும் தவறவில்லை, அது உண்மை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவருடைய தோப்பில் பழம் பறிக்க ஆள் வேண்டும், அந்த ஆட்கள் பக்கத்திலேயே குடியிருந்தால் யாருக்கு லாபம்? ஆற்றங்கரையின் ஓரத் துண்டுக்கு மாதா மாதம் வாடகை வரும், கட்டடச் செலவு ஒரு காசு கிடையாது. பத்திரம் இல்லாதது அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை, நாளைக்குக் காலி செய் என்றால் காட்டுவதற்கு எந்தக் காகிதமும் இல்லாதவர்கள் அந்தச் சீனர்கள்தான். அத்தனை வருஷம் அந்தப் பயத்தோடு அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, பள்ளிக்கூடம் கட்டி வாழ்ந்தார்களே, பாராட்டு அவர்களுக்குப் போகட்டும் என்பது என் கட்சி.

*

கேள்வி: சூதாட்டத்துக்குப் பேர்போன ஊராமே? (வாசகர், மதுரை)

ஆமாம். டாய் லாய் என்று ஒரு சூதாட்டக் கூடம் 1916ல் தொடங்கி 1951ல் மாநில அரசு சோதனை போட்டு மூடும்வரை நடந்தது. அப்படிச் சில கூடங்கள், மதுக்கடைகள், மதுவிலக்குக் காலத்தில் திருட்டுச் சாராயம், எல்லாம் உண்டு. சாக்ரமெண்டோ, சான் ஃபிரான்சிஸ்கோ இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

டாய் லாய் இப்போது அருங்காட்சியகம். நான் போனபோது மேசையில் ஃபான் டான் ஆட்டத்தை அப்படியே வைத்திருந்தார்கள். ஒரு குவியல் பித்தான்கள், நம் பல்லாங்குழிச் சோழி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நடத்துகிறவர் கை நிறைய அள்ளி வைத்து ஒரு கிண்ணத்தால் மூடுவார். எல்லோரும் பணம் கட்டியதும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, ஒரு மெல்லிய குச்சியால் நாலு நாலாக ஒதுக்குவார். கடைசியில் மிஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நாலா என்பதுதான் பந்தயம். அவ்வளவுதான் ஆட்டம். குச்சி நகர நகர மேசையைச் சுற்றி நிற்பவர்கள் மூச்சை எப்படிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கூடங்களை வெறும் சூதாட்டக் கூடம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வேலை முடிந்து வருகிற தனி ஆளுக்கு அங்கே சூடாகத் தேநீர் கிடைக்கும், ஊர்க் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கலாம், எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரியும், சொந்தப் பாஷையில் நாலு வார்த்தை பேசலாம். ஆஸ்பரகஸ் என்ற தண்டுக் காய்கறியின் பருவத்தில் விடியற்காலையிலிருந்து குனிந்து குனிந்து வெட்டியவன் இரவில் வேறு எங்கே போவான்? வாரக் கூலியை ஒரே இரவில் தொலைத்தவர்களும் நிறைய. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

*

கேள்வி: தனி ஆள், தனி ஆள் என்கிறீர்கள். குடும்பம் இல்லையா? (வாசகி, திருநெல்வேலி)

இருந்தன, ஆனால் மிகக் குறைவு. 1875ல் வந்த ஒரு சட்டம் நடைமுறையில் சீனப் பெண்களை உள்ளே விடாமல் தடுத்தது. 1882 சட்டம் கூலிக்காரர்கள் புதிதாக வருவதையே நிறுத்தியது. வியாபாரிகள் மட்டும் மனைவியைக் கூட்டிவரலாம். கூலிக்காரன் கல்யாணம் செய்ய ஊருக்குப் போய், சில மாதம் இருந்துவிட்டு, மனைவியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புவான். பணம் அனுப்புவான். இருபது, முப்பது வருஷம் அப்படியே போய்விடும்.

இதில் ஒரு திருப்பம் உண்டு. 1906ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பூகம்பம் வந்து தீயில் பிறப்புப் பதிவேடுகள் எல்லாம் எரிந்துபோயின. அதற்கப்புறம் நான் இங்கேயே பிறந்தவன் என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று காட்ட அரசாங்கத்திடம் காகிதம் இல்லை. இங்கே பிறந்தவனென்றால் குடிமகன், குடிமகனின் பிள்ளையும் குடிமகன். ஊருக்குப் போய்வந்தவர்கள் இன்னொரு மகன் பிறந்தான் என்று பதிந்துவைத்துவிட்டு, அந்த இடத்தை உறவுக்காரப் பையனுக்கோ காசு கொடுத்தவனுக்கோ கொடுத்தார்கள். காகிதப் பிள்ளைகள் என்றே அவர்களுக்குப் பெயர். 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் இறக்கி நாள்கணக்கில் விசாரிப்பார்கள். உன் வீடு எத்தனையாவது வரிசையில் இருக்கிறது, வாசலில் எத்தனை படி, கிணறு எந்தத் திசையில், பக்கத்து வீட்டில் யார். அப்பா என்று சொல்லப்படுகிறவரிடமும் அதே கேள்விகள், இரண்டு பதிலும் ஒத்துப்போகவேண்டும். கப்பலிலேயே பாடம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வாழ்நாள் முழுக்க வேறு ஒரு குடும்பப் பெயரோடு இருந்து, அதே பெயரோடு செத்துப்போனவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியும் லாக்கில் குழந்தைகள் இருந்தார்கள். பகலில் இங்கிலீஷ் பள்ளி, மாலையில் சீனப் பள்ளி. சீனப் பள்ளிக் கட்டடம் இன்னும் இருக்கிறது, உள்ளே சின்னச் சின்ன மரப் பெஞ்சு, கரும்பலகை. வாசலில், சீனாவில் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசு கொண்டுவந்த தலைவர் சன் யாட் சென்னுக்குச் சிலை. அவர் பிறந்ததும் இவர்களுடைய வட்டாரத்தில்தான், அவர் இறந்த பிறகு 1925ல் அவர் பெயரையே அந்த வட்டாரத்துக்கு வைத்தார்கள். நான் மேலே சுங்ஷான் என்று எழுதியது அந்தப் பெயர்தான், அதற்கு முன்னால் அது ஹியுங்ஷான்.

*

கேள்வி: அந்தப் பக்கம் நம் இந்தியர்கள் யாரும் இல்லையா? (வாசகர், சேலம்)

இருந்தார்கள். பஞ்சாபிச் சீக்கியர்கள். லாக்கிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஸ்டாக்டனில் 1912லேயே குருத்துவாரா தொடங்கினார்கள். டெல்டாவில் உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் பயிரிட்டார்கள். 1923ல் பகத் சிங் திந்த் என்பவருடைய வழக்கில், இந்தியர்களுக்கும் குடியுரிமைத் தகுதி இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதோடு கலிஃபோர்னியா நிலச் சட்டம் இவர்கள் தலையிலும் இறங்கியது. சீனர்களுக்குக் குடியுரிமைக் கதவு 1943ல் திறந்தது, இந்தியர்களுக்கு 1946ல். அந்த 1943லும் வருஷத்துக்கு 105 பேர்தான் சீனர்கள் வரலாம் என்று ஒதுக்கீடு.

*

கேள்வி: ஊர் உச்சத்தில் இருந்தபோது எப்படி இருந்தது? (வாசகர், புதுச்சேரி)

1920களில் நிரந்தரமாக 600 பேர் வரை, அறுவடைக் காலத்தில் ஆயிரத்துக்கும் மேல். மளிகைக் கடை, மீன் கடை, மூலிகை மருந்துக் கடை, உணவகம், நாடகக் கொட்டகை, தங்கும் விடுதி, ஆற்றோரம் ரயில் கம்பெனியின் பழக் கிடங்கு. ஊரின் அமைப்பு வேடிக்கையானது. மேலே ஆற்றங்கரையிலே ஒரு சாலை, கீழே கரைக்கு உள்பக்கம் மெயின் தெரு, இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிசைக் கட்டடங்கள். கரைச் சாலையிலிருந்து நுழைந்தால் நீங்கள் மாடியில் இருப்பீர்கள், கீழே இறங்கி மறு வாசல் வழியே வந்தால் மெயின் தெரு. மெயின் தெரு என்று பெயரே தவிர ஒரு கார் வந்தால் எதிரில் வருகிற கார் நிற்கவேண்டும். மரப் பலகை நடைபாதை, மேலே மர உப்பரிகை.

*

கேள்வி: இப்போது அங்கே சீனர்கள் இருக்கிறார்களா? நிலம் கடைசியில் அவர்களுக்குக் கிடைத்ததா? (வாசகி, ஈரோடு)

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த நிலச் சட்டம் செல்லாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1952ல் தீர்ப்புக் கொடுத்தது, 1956ல் மக்கள் ஓட்டுப் போட்டு அதைச் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்தார்கள். ஆனால் சட்டம் போனதும் மனை வந்துவிடாது. லாக்கின் மண் அப்போதும் ஒரே துண்டாக லாக் குடும்பத்திடம்தான் இருந்தது, தனித்தனி மனையாகப் பிரித்து அளந்ததே இல்லை. 1977ல் அவர்கள் மொத்தமாக ஹாங்காங் முதலீட்டாளருக்கு விற்றார்கள். 1990ல் அமெரிக்க அரசு ஊரைத் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தது. இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்காரர்கள் வாடகைதான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு 2000க்கு மேல் சாக்ரமெண்டோவின் வீட்டுவசதி, மறுமேம்பாட்டு முகமை அந்த நிலத்தை வாங்கி, அளந்து, மனை பிரித்து, 2004-05 வாக்கில் கட்டடம் யாருடையதோ அவர்களுக்கே விற்றது. பட்டா கையில் வந்தது.

வந்தபோது வாங்க அங்கே யார் இருந்தார்கள்? படித்த பிள்ளைகள் ஐம்பதுகளிலிருந்தே வேலைக்காக நகரத்துக்குப் போய்விட்டார்கள், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டவர்களும் உண்டு. பல கட்டடங்களை வேறு ஆட்கள், ஓவியர்கள், ஓய்வுபெற்றவர்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தார்கள். பழைய சீனக் குடும்பங்களில் மிஞ்சியவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். இன்றைக்கு மொத்த ஊரே நூறு பேர் இல்லை.

நிலம் கிடைத்ததே, அதற்குச் சந்தோஷப்படலாமே என்று என் மகள் சொன்னாள். அங்கே என்னைக் கூட்டிப்போனது அவள்தான். சந்தோஷப்படுகிறேன். ஆனால் கரை போட்டவரின் பேரனுக்குப் பட்டா வரும்போது பேரன் வேறு ஊரில் இருக்கிறான் என்பதையும் மறக்கமுடியவில்லை.

*

கேள்வி: அடுத்த வருஷம் மகன் வீட்டுக்கு சான் ஹோசே போகிறோம். லாக் போய்வர முடியுமா? என்ன பார்க்கலாம்? (வாசகர், கும்பகோணம்)

தாராளமாக. காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். சாக்ரமெண்டோ நகரத்திலிருந்து தெற்கே சுமார் 30 மைல்தான், நகரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஆற்றோடு இறங்கி வாருங்கள், நெடுஞ்சாலையில் வரவேண்டாம். கரைமேலே போகிற சாலை வளைந்து வளைந்து வரும், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கீழே தோப்பு. ஜூலை கடைசியில் போனால் பேரிக்காய் பறிக்கிற நேரம், சாலையோரத்தில் விற்பார்கள், கையால் அழுத்திப் பார்த்து வாங்காதீர்கள், அங்கே விற்பது கல் மாதிரிதான் இருக்கும், வீட்டில் நாலு நாள் வைத்தால் பழுக்கும்.

லாக்கில் டாய் லாய், சீனப் பள்ளி, பழைய தங்கும் விடுதியில் இருக்கிற அருங்காட்சியகம் மூன்றையும் பாருங்கள், நுழைவு நேரத்தைப் போகும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள், வாரநாளில் சில பூட்டியிருக்கும். கரைச் சாலையில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள். மெயின் தெருவோடு திரும்பிவிடாமல் பின்பக்கம் போனால் காய்கறித் தோட்டம் இருக்கிறது. லாக்கின் கிழவர்கள் பாகற்காய், வெள்ளைப்பூசணி, முழ நீளக் காராமணி எல்லாம் பந்தல் போட்டு வளர்த்த இடம் அது. நான் போனபோது ஒரு பந்தலில் பாகற்கொடி ஏறியிருந்தது, சீனப் பாகல், நம்முடையதைவிட வெளுப்பாக, முள் மழுங்கி. பக்கத்தில் சிமெண்ட் தொட்டி ஒன்றில் தண்ணீர் ஊற்ற ஒரு பழைய தகர டப்பா மிதந்துகொண்டிருந்தது. யார் வீட்டுக் கொடி என்று கேட்க அங்கே யாரும் இல்லை. உங்களுக்கு யாராவது கண்ணில் பட்டால் கேட்டு எனக்கு எழுதுங்கள்.